மாடு குத்தினால் முதல் பத்து நிமிடம்

ஜல்லிக்கட்டு தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். இந்த மூன்று நாளும் மதுரைப் பக்கம் அவசர சிகிச்சைப் பிரிவில் எங்களைப் போன்ற நர்சுகளுக்கு லீவு கேட்கவே வாய் வராது. வாடிவாசல் பக்கத்தில் மருத்துவக் குழுவும் 108 வண்டியும் நிற்கும், அங்கே குத்துப்பட்டவரைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. கலெக்‌ஷன் பாயிண்டை (ஓடி முடித்த மாட்டைச் சொந்தக்காரர்கள் பிடிக்கும் இடம்) தாண்டி மிரண்டு ஓடுகிற மாடு வேடிக்கை பார்க்கிறவரைக் குத்தும், தொழுவத்தில் சொந்த மாடே முட்டும், அப்போது பக்கத்தில் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொம்புக் காயத்தை வெளியிலிருந்து எடை போட முடியாது. தொடையில் ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே அடிவயிறு வரை கிழிந்திருக்கும், ஏனென்றால் மாடு குத்தியதோடு விடாது, தலையை ஆட்டி ஆளைத் தூக்கி எறியும். ஆக குத்து ஒன்று, விழுந்த அடி ஒன்று. வயிற்றைப் பார்த்த பதற்றத்தில் கழுத்தை மறந்து, கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஷேர் ஆட்டோவில் போடாதீர்கள்.

ரத்தம் பீய்ச்சினால் அதுதான் முதல் வேலை. துண்டை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து முழு பலத்தோடு அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம், காபித்தூளும் வேண்டாம். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல் சுத்தமான ஈரத்துணியால் மூடுங்கள்.

அப்புறம், கத்துகிறவரை விடச் சத்தமில்லாமல் கிடப்பவரைப் பாருங்கள். நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம், அதில் 30 சதவீதம் போகிற வரைக்கும் இளவட்டங்களுக்குப் பிபி பெரும்பாலும் தாங்கி நிற்கும். "பிபி நார்மல்தானே சிஸ்டர்" என்று சொந்தக்காரர்கள் நிம்மதியாவார்கள். ஆனால் உள்ளங்கையைத் தொட்டால் சில்லென்று வேர்த்திருக்கும், நாடி 100க்கு மேல் ஓடும், நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடி தாண்டியும் வெளுத்தே இருக்கும். எனக்கு அந்தக் கைதான் பேசும், மானிட்டர் அப்புறம்தான்.

இந்த நிலையில் அவர் கேட்பது தண்ணீர். அந்தத் தாகமே ரத்தம் போவதன் அறிகுறி. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருப்பதால் ஒரு மடக்குகூடக் கூடாது, உதட்டை நனைத்துவிட்டால் போதும். சொந்தக்காரர்கள் சண்டை போட்டாலும் சரி.

முக்கியமாக, எத்தனை மணிக்குக் குத்தியது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் ஊசியை 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், சீக்கிரம் போடப் போட நல்லது. சட்டையை நாங்கள் எப்படியும் வெட்டித்தான் எடுப்போம், ஒரு போர்வை கொண்டுவாருங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது.