உறை பிரித்த குழாய்

அந்தக் குழாயின் உறையைப் பிரித்தது அவர். நான் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் எனக்குச் சந்தேகம் இல்லை, அதனால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம், யார் முதலில் மெஷினைப் பார்த்தது, அவர் குரல் எப்படி இருந்தது, நான் சிரித்தேனா இல்லையா என்பதெல்லாம், நினைக்க நினைக்க மாறிக்கொண்டே வந்துவிட்டன.

குடியை விட்டவர்கள் தங்கும் எங்கள் விடுதியில் ஷிப்ட் மாறும் நேரம். நான் கிளம்ப வேண்டும், அவர் இரவுக்கு இருக்க வேண்டும். தங்கியிருந்த 14 பேரும் மூச்சில் மது இருக்கிறதா என்று காட்டும் மெஷினில் ஊதி முடித்திருந்தார்கள், 14 பேருக்கும் மூன்று சைபர், அதாவது மது இல்லை. ரெஜிஸ்டரை அவர் பக்கம் தள்ளினேன். கையெழுத்துப் போடக் குனிந்தார். அப்போதுதான் அந்த வாசனை. மது நெடி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பழம் கனிந்து அழுகத் தொடங்கும்போது வருமே, அப்படியொரு இனிப்பு. அதன் மேலே மௌத்வாஷின் புதினா வாசனை.

“என்னண்ணே, உடம்பு சரியில்லையா?” என்றேன். கேட்கும்போதே என் கண் மெஷின் பக்கம் போயிருக்க வேண்டும். இத்தனை வருடம் அடுத்தவர் கண் எங்கே போகிறது என்று பார்த்தே பிழைத்த மனுஷன் அவர். டிராயரைத் திறந்தார், புதுக் குழாய் ஒன்றை எடுத்தார், பிளாஸ்டிக் உறையை நகத்தால் கீறிப் பிரித்தார், மெஷின் தலையில் சொருகினார். சொருகி என் முன்னால் வைத்தார்.

“நீ கேட்டா ஊதறேன். கேக்கறியா?”

“ஐயையோ, வேண்டாம்ணே.”

அவ்வளவுதான் நடந்தது. பையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். படியிறங்கும்போது, மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். வந்து எழுபது நாள் ஆனவன். போன் பேச அங்கேதான் உட்காருவான். கையில் போன் இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. அல்லது கவனித்துவிட்டுத்தான் போனேனோ என்னவோ.

ஊத வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆளுக்கு ஒரு புதுக் குழாய், “ஊதுங்க, விடாம, இன்னும், இன்னும்” என்று மெஷின் பீப் அடிக்கும்வரை சொல்ல வேண்டும், எண்ணை எழுத வேண்டும். எண் வந்தால் வரும் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: “மௌத்வாஷ் சார்.” பொய் என்று சொல்லிவிட முடியாது. மௌத்வாஷ் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு, கொப்பளித்த கையோடு ஊதினால் மெஷின் எண் காட்டத்தான் செய்யும். அதற்காகத்தான் 15 நிமிடம். தண்ணீரால் வாயைக் கழுவச் சொல்லிவிட்டு, எதையும் வாயில் போடாமல் எதிரே உட்கார வைப்போம். வாயில் தங்கியது அதற்குள் போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. அந்த 15 நிமிடம்தான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. குடித்தவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும், இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேறெதையாவது பேசுவோம்.

அன்றைக்கு அந்த 15 நிமிடம் எனக்கு இருந்தது. எங்கேயும் அவசரமாகப் போக வேண்டியதில்லை. இருவரும் உட்கார்ந்து பேசாத பேச்சா? சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டு, “சரிண்ணே, ஒரு தடவை ஊதிடுங்க, எனக்கு நிம்மதியா இருக்கும்” என்று சொல்லியிருக்கலாம். இந்த வாக்கியத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இப்போது மனப்பாடமாக இருக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல காரணங்கள் இருக்கின்றன. எங்களைப் போன்ற விடுதிகளில் வேலை செய்கிறவர்கள் இரண்டு சாதி. குடித்து, எழுந்து வந்தவர்கள் ஒன்று. என்னைப் போல் படித்துவிட்டு வந்தவர்கள் இன்னொன்று. புதிதாக வருகிறவன் முதல் நாளே கேட்பான், “சார் நீங்க எத்தனை வருஷம்?” என்று. நான் குடித்ததில்லை என்றதும் அவன் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். மரியாதை குறையாது, ஆனால் அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசுவது டாக்டரிடம் பேசுவது போலத்தான் இருக்கும். அதே ஆள் அண்ணனிடம் போய்க் கேட்பான். “பதினொண்ணு” என்பார் அவர். அந்த ஒரு சொல்லில் ஆள் அப்படியே உட்கார்ந்துவிடுவான். அந்தப் பதினொன்று அவருடைய சொந்தக் கணக்கு மட்டுமில்லை, 14 பேரும் அதில் கையை ஊன்றித்தான் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அதை ஒரு எண்ணால் தட்டிவிட நான் யார்? அதிலும் ஒருநாள்கூட அந்தத் தாகம் தெரியாத நான்?

இது நல்ல காரணம்தான். ஆனால் 14 பேருக்காக என்று நான் சொல்வதைக் கேட்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்த 14 பேரையும் அன்றிரவு அவர் பொறுப்பில்தானே விட்டுவிட்டுப் போனேன்? யாருக்காவது வலிப்பு வந்திருந்தால்? தொடர்ந்து குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகும் மனக்குழப்பமும் நடுக்கமுமாய் ஆபத்து உண்டு. அதனால்தான் குடியை நிறுத்தும் சிகிச்சையை ஆஸ்பத்திரியில் முடித்துவிட்டு வருகிறவர்களை மட்டும் சேர்க்கிறோம். இருந்தாலும் ரகசியமாகக் குடித்து ரகசியமாக நிறுத்துகிறவன் ஒருவன் எப்போதும் இருப்பான். அவனைப் பார்க்கத் தெளிந்த கண் வேண்டும். வீட்டுக்குப் போய் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். யாரும் கூப்பிடவில்லை. காலையில் ரெஜிஸ்டரில் அவர் கையெழுத்து நேராகத்தான் இருந்தது. அதை வைத்து என் மனதைச் சமாதானம் செய்துகொண்டேன்.

பிறகு இன்னொரு காரணம் கிடைத்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். சர்க்கரை கட்டுமீறி, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறினால் மூச்சில் அழுகிய பழ வாசனை வரும். ஆக, அது குடியே இல்லை, சர்க்கரைதான்! இரண்டு நாள் லேசாக நடமாடினேன். மூன்றாம் நாள் குளிக்கும்போது உறைத்தது: அப்படியென்றால் அது குடியைவிட அவசரம். அந்த வாசனையோடு இருக்கிற ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், இரவு ஷிப்டுக்கு இல்லை. எங்கள் மெஷின் ஃப்யூயல் செல் வகை, மூச்சில் அந்தப் பழ வாசனையைத் தரும் அசிட்டோனைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அவர் ஊதி மூன்று சைபர் வந்திருந்தால் உடனே சர்க்கரையைப் பார்த்திருப்போம். எப்படிப் பார்த்தாலும் ஊதியிருக்க வேண்டும். குடித்திருந்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி, நான் அவருக்குக் கொடுத்த மரியாதையால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 1935இல் பில் வில்சன் என்பவர் வியாபாரம் கைகூடாமல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஓட்டல் வராந்தாவில் நிற்கிறார். குடியை விட்டு ஐந்தாறு மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். பாருக்குள் போகாமல் இருக்க இன்னொரு குடிநோயாளியோடு பேசியாக வேண்டும் என்று தோன்றி, பாதிரியாருக்கு போன் போட்டு ஆள் தேடுகிறார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப். குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் அங்கேதான் தொடங்குகிறது. “அந்த மனுஷன் பாப்பைக் காப்பாத்தப் போகல தம்பி, தன்னைக் காப்பாத்திக்கப் போனாரு. நானும் அதுக்குத்தான் இங்க வேலைக்கு வர்றேன்” என்பார் அண்ணன்.

கதையின் மிச்சத்தை நான் பிறகுதான் படித்தேன். பில்லைச் சந்தித்த சில வாரங்களிலேயே டாக்டர் பாப் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்துவிட்டார். திரும்பி வந்து அவர் குடித்த கடைசி மதுவின் தேதியைத்தான், 1935 ஜூன் 10ஐ, அந்த இயக்கம் இன்றும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. சறுக்கியவருக்கு நடுவில் யாரோ கதவைத் திறந்து வைத்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? அண்ணன் இந்தப் பகுதியை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

“கேக்கறியா?” என்பதை அன்றைக்குச் சவாலாகத்தான் எடுத்துக்கொண்டேன். துணிச்சல் இருந்தால் கேள் பார்ப்போம் என்பது மாதிரி. கொஞ்சம் கோபம்கூட வந்தது. இப்போது அந்த உறை கிழிந்த சத்தம்தான் ஞாபகம் வருகிறது. ஊத விருப்பமில்லாதவன் குழாயை எதற்குப் பிரிக்க வேண்டும்? சவாலுக்கு மெஷினை மட்டும் நகர்த்தி வைத்தால் போதாதா? ஒருவேளை அவர் கேட்கச் சொல்லித்தான் கேட்டாரோ. தானாக ஊதினால் ஒப்புக்கொண்டது போலாகும், யாராவது கேட்டு ஊதினால் விதிக்குக் கட்டுப்பட்டது போலாகும். அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் என்னிடம் கேட்டாரோ. இப்படி நினைத்த மறு நிமிடமே, இது நானாகக் கட்டுகிற கதை என்றும் தோன்றுகிறது. பழைய கை அவர். இவன் கேட்க மாட்டான் என்று தெரிந்தே துணிந்து பிரித்திருக்கவும் வாய்ப்புண்டு.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பையன் ஊதினான். 038. வாயைக் கழுவச் சொன்னேன், உட்கார வைத்தேன், 15 நிமிடம். மறுபடி 036. மௌத்வாஷ் என்று அவன் சொல்லவே இல்லை.

“சார், அன்னிக்கு அண்ணன்கிட்ட மட்டும் ஏன் கேக்கல?”

அவர் இங்கே தங்குகிறவர் இல்லை, வேலை செய்கிறவர் என்றேன். விதியும் அதுதான். சொன்ன வாய் கூசியது. குடித்தவனை இரவில் வெளியே அனுப்புவதில்லை. எழுபது எண்பது நாள் குடிக்காத உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், அதே வேகத்தில் போய்க் குடித்தால் உயிருக்கே ஆபத்து. முன் அறையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து அரை மணிக்கொரு தரம் மூச்சைப் பார்த்தேன். அந்த ராத்திரி முழுக்க நான்தான் இருந்தேன். அதில் குறை சொல்ல முடியாது. காலையில் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் வந்து கூட்டிப்போனார். ஆஸ்பத்திரிக் கடிதம் கொடுத்தனுப்பினோம். பிறகு அவன் போன் எண்ணை அழைத்தபோது உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அன்றைக்கு நான் கேட்டிருந்தால் இவன் குடித்திருக்க மாட்டான் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். குடிக்க ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அவன் அந்த ராத்திரி என் கையில் கொடுத்துவிட்டுப் போனது அந்த ஒரு காரணத்தை மட்டும்தான்.

ஊழியர்களே இல்லாத வீடுகள் உண்டு. 1975இல் அமெரிக்காவில் மேரிலாந்தில், அரசு நடத்திய ஒரு விடுதியை மூடப்போகிறார்கள் என்றதும் அங்கே தங்கியிருந்தவர்களே வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கியதுதான் ஆக்ஸ்போர்ட் ஹவுஸ். வார்டன் கிடையாது. ஓட்டுப் போட்டு முடிவெடுப்பார்கள், வாடகையைப் பகிர்ந்துகொள்வார்கள், குடித்தவர் வெளியேற வேண்டும். அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே யாருமே மேஜைக்கு அந்தப் பக்கம் இல்லை. ஆனால் அங்கேயும் எல்லோரும் கையூன்றி நிற்கிற ஒரு மூத்தவர் இருப்பார்தானே? அவர் மேல் வாசனை வந்தால் யார் முதலில் வாயைத் திறப்பார்கள்?

மாதக் கடைசியில் குழாய்க் கணக்கு பார்த்தோம். ஊதிய எண்ணிக்கைக்கும் தீர்ந்த குழாய்க்கும் ஒன்று இடித்தது. “பழுது - 1” என்று எழுதினேன். இந்த வேலையில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான், அதுவும் பாதிப் பொய். அடுத்த கூட்டத்தில், ஷிப்டுக்கு வரும் ஊழியரும் ஊத வேண்டும் என்று நான்தான் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கு முன்பே அண்ணன் உடம்பைக் காரணம் சொல்லி நின்றுவிட்டிருந்தார். இப்போது தினமும் எல்லோர் முன்னாலும் ஊதுகிறேன். மூன்று சைபர். குடிக்காதவனுடைய சைபரை யாரும் மதிப்பதில்லை, புதியவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

போன வாரம் அவர் போன் செய்தார். “பன்னெண்டு ஆச்சு தம்பி” என்றார். எங்கள் உலகத்தில் வருடத்தைக் கடைசியாகக் குடித்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். நடுவில் ஒரு வாய் குடித்திருந்தாலும் கணக்கு முதலிலிருந்து. அன்றைக்குக் குடித்திருந்தால் அவர் சொல்லவேண்டியது எட்டு மாதம். அவர் சொன்னது பன்னிரண்டு. சொன்னதற்குப் பிறகு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எதற்கோ காத்திருப்பது மாதிரி இருந்தது, அல்லது லைன் சரியில்லையோ.

“வாழ்த்துகள்ணே” என்றேன். பிறகு, “சுகர் எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.