கரிசலில் ஒரு வறட்சியும் ஆட்டுக்கிடைகளும்

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. அப்போது தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளம் வட்டாரத்தில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டிருந்த எனக்கு அந்த அறிவிப்பு காலம் தாழ்ந்து வந்ததாகவே பட்டது. மானாவாரி உளுந்தும் பாசிப்பயறும் சாண் உயரத்தில் கருகி நின்றதையும், அவற்றுக்குள் ஆட்டை இறக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்த சம்சாரிகளையும் (எங்கள் பக்கம் விவசாயிகளை அப்படித்தான் சொல்வோம்) கார்த்திகையிலேயே பார்த்தாயிற்று.

அந்த வறட்சிக் காலத்தில் நான் அறுத்துப் பார்த்த ஆடுகளில் வயிறு ஒட்டிச் செத்தவை குறைவு, வயிறு நிறைந்து செத்தவையே மிகுதி. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். செம்மறி ஆடு பசியைத் தாங்கும் பிராணி. அதிலும் எங்கள் பகுதியின் பொட்டு ஆடு, அதாவது உடம்பெல்லாம் செம்புள்ளி விழுந்த வேம்பூர் ஆடு, எலும்பும் தோலுமாக நின்றாலும் மறுநாள் மேய்ச்சலுக்கு நடந்துவிடும். தீனி சட்டென்று மாறுவதைத்தான் அதனால் தாங்க முடியாது.

முதலில் வந்தது சோளம். முழங்கால் உயரத்தில் வாடிய சோளப் பயிரில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும் என்பது ஆட்டு மந்தை வைத்திருக்கும் கிடைக்காரர்கள் அறியாததன்று. குருத்துச் சோளத்தில் ஆட்டை விடாதே என்று அவர்களுடைய பாட்டன்மாரே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் காட்டில் வேறு பச்சை இல்லாதபோது அந்த எச்சரிக்கை காதில் ஏறுவதில்லை. வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, மூச்சு வாங்கிக் கால்களை உதைத்துக்கொள்ளும் ஆட்டுக்கு அந்த நஞ்சை முறிக்கும் ஹைப்போ மருந்தை நரம்பில் ஏற்றச் சில நிமிட அவகாசமே இருக்கும். மருத்துவமனையிலிருந்து வண்டி போய்ச் சேருவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அறுத்தால் இரத்தம் அடர்சிவப்பாக இல்லாமல் பளிச்சென்ற சிவப்பில் வரும்.

அடுத்தது அரிசி. ரேஷன் அரிசி வீட்டில் இருந்தது, தீவனம் இல்லை. ஆகவே இரக்கமுள்ளவர்கள் எல்லாரும் கஞ்சி காய்ச்சினார்கள். நாகலாபுரம் பக்கம் ஒரு பெரியவரின் பட்டியில் நல்ல சினை ஆடுகள் நாலைந்து தலையைத் தொங்கப்போட்டு நின்றன. விலாவில் கை வைத்து அழுத்தினால் உள்ளே தண்ணீர் சலசலத்தது, சாணம் புளித்த வாடையோடு கழிந்திருந்தது. “பசியோட வந்துச்சே ஐயா, ரெண்டு சட்டி கூடுதலாத்தான் ஊத்துனேன்” என்றார் அவர். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் நாரைச் செரிக்கப் பழகியவை. அங்கே ஒரே நாளில் மாவுச்சத்து போய் விழுந்தால் அது அமிலமாக மாறி, உடம்பின் நீரையெல்லாம் வயிற்றுக்குள் இழுத்துவிடும். ஆப்பச் சோடாவைக் கரைத்துப் புகட்டியதில் சில பிழைத்தன. தானியம் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆட்டுக்கு 50 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டி, அதற்கு முன்னால் கொஞ்சம் தட்டையோ வைக்கோலோ தின்னவிட்டுக் கொடுத்தால் தானியம்தான் சிக்கனமான தீனி.

எல்லா ஆட்டுக்கும் கொடுக்க முடியாது என்பது அடுத்த சிக்கல். 28 கிலோ எடையுள்ள தாய் ஆட்டுக்கு உடல் எடையில் நூற்றுக்கு மூன்று என்ற கணக்கில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 840 கிராம் உலர்தீவனம் வேண்டும்; நூறு ஆடு உள்ள கிடைக்கு அது 84 கிலோ. அன்றைக்கு வைக்கோல் விற்ற விலையில் எந்தக் கிடைக்காரராலும் அதை வாங்க இயலாது. ஆகவே, கிடாக்குட்டிகளையும் பல் தேய்ந்த கிழ ஆடுகளையும் மார்கழிக்குள் எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிவிடுங்கள், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று ஊர் ஊராகச் சொன்னேன். பலர் தைக்கு அப்பால் மழை விழும் என்று காத்திருந்தார்கள். மாசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டு போனபோது வியாபாரி கேட்ட விலையைச் சொல்லவே அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது.

நிறுத்திக்கொண்ட ஆடுகளிலும் முறை வைத்தோம். இடுப்புக்கு மேலே முதுகெலும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தால் போதும். முள் கூராகக் குத்துகிற ஆட்டையும், ஈனுவதற்கு ஐம்பது நாளுக்குள் இருக்கும் சினை ஆட்டையும் தனிப்பட்டியில் அடைத்து அவற்றுக்கு மட்டும் கைத்தீனி. வயிற்றுக் குட்டி பெரும்பகுதி வளர்வது அந்தக் கடைசி நாட்களில்தான். அப்போது தாயைக் காயவிட்டால் ஈன்ற குட்டிக்கு மடியில் சீம்பால்கூட இராது. விருதுநகர் பருப்பு ஆலைகளிலிருந்து உடைத்த தோலும் நொய்யுமாக வந்த உளுந்தம்பொட்டும் துவரம்பொட்டும், கொஞ்சம் பிண்ணாக்கும், உப்பும் அந்தக் கைத்தீனியில் சேர்ந்தன. பகலில் தொரட்டி கொண்டு வேப்பங்குழையும் பூவரசங்குழையும் இழுத்துப் போட்டார்கள்.

இவற்றையெல்லாம்விடக் கை கொடுத்தது சீமைக்கருவேலங்காய். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று அந்த மரத்தை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டு, ஊரெங்கும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்ததும் அதே மாதங்களில்தான். அந்த மரத்தை வேண்டும் என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் மற்ற எல்லாம் காய்ந்த கோடையில் இனிப்பான காயை உதிர்த்துக்கொண்டு நின்றது அது ஒன்றுதான். முழுக்காயாகத் தின்றால் கெட்டியான விதைகளில் பல செரிக்காமல் புழுக்கையோடு வந்துவிடும், அதிலுள்ள புரதமும் வீண். வெயிலில் நன்றாகக் காயவைத்து, மாவு மில்லில் கொரகொரப்பாக உடைத்து, கைத்தீனியில் கால் பங்குக்கு மிகாமல் கலக்கச் சொன்னேன். மில்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிசின் போல ஒட்டுகிறது என்பது அவர்கள் புகார், அது உண்மையும்கூட.

2017 ஆவணி, புரட்டாசியில் மழை இறங்கியது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்ட அந்த நாட்களில் எனக்கு வேலை இரட்டித்தது. இளம்புல்லைக் கண்ட ஆடுகள் அள்ளித் தின்றன; மாலையில் துள்ளிக்கொண்டு வந்த கொழுத்த குட்டி விடியற்காலையில் விறைத்துக் கிடந்தது. துள்ளுமாரி, குடலில் கிருமி பெருகி அதன் நஞ்சால் ஆட்டைச் சட்டென்று சாய்க்கும் நோய். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆனால் எதிர்ப்பாற்றல் உண்டாக இரண்டு வாரமாவது பிடிக்கும். ஆகவே ஒரு பச்சை இலைகூட இல்லாத ஆடியிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. கேட்டவர்களிடமும் ஒரு விஷயத்தில் தோற்றேன். புல் முளைத்த முதல் வாரத்தில் ஆட்டைக் காலையில் பட்டியிலேயே நிறுத்தி, பழைய வைக்கோலைத் தின்னவிட்டு, வெயில் ஏறிய பிறகு ஒரு மணி நேரம் மட்டும் மேய விடுங்கள் என்றேன். பத்து மாதம் பச்சையைத் தேடி அலைந்தவர்களிடம் அதைச் சொன்னபோது, டாக்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போலத்தான் பார்த்தார்கள். செய்தவர்கள் சிலரே, அவர்களும் வீட்டில் வைக்கோல் மிச்சம் இருந்தவர்கள்.