எண்ணெய்க்காப்பு அன்று அம்மன் சந்நிதியில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் காலியாகிவிட்டன, ஆத்தா மட்டும் இடம் மாறவில்லை. கும்பாபிஷேகத்துக்கு முன்பு அவளுக்கு எண்ணெய் சாத்த வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களின் நெடுநாள் வேண்டுதல்.

வாசலில் குட்டிப் போத்தலில் விற்கும் எண்ணெயை வாங்காதீர்கள், வாசனை எண்ணெய் கலந்திருக்கும். வீட்டிலிருந்து சுத்தமான நல்லெண்ணெய் ஒரு சிறு கிண்ணம் போதும். பீடத்து விளிம்பில் கையூன்றவும் கூடாது. அங்கே சிலையைப் பீடத்தோடு ஒட்டவைக்கும் அஷ்டபந்தன மருந்து இன்னும் இறுகியிருக்காது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டையும் மெழுகுப் பதம் வரும்வரை இடித்து, சூடு ஆறுமுன் அடைத்திருப்பார்கள். இடி குறைந்தால் மருந்து உதிரும்; ஆறிப்போனால் ஒட்டாது, அபிஷேகத் தண்ணீர் அடியில் இறங்கிவிடும்.

பந்தலில்தான் மனம் நொந்தது. வடமொழி மந்திரம் மட்டுமே ஆகமம் என்று ஒரு சாரார். திருமுறை ஓதி, அதுவும் எங்கள் முறைப்படிதான் நன்னீராட்ட வேண்டும் என்று இன்னொரு சாரார். சைவ ஆகமங்களோ காமிகம், காரணம் முதலாக 28. யாகசாலையில் கையில் இருப்பது பெரும்பாலும் பத்ததிதான், அதாவது சடங்கு முறையை வரிசையாகச் சொல்லும் கைநூல். அகோர சிவாசாரியார் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்தது போன்றவை. தஞ்சைப் பெரிய கோயிலிலேயே வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரி 5 அன்று இரு மொழியிலும் குடமுழுக்கு நடந்தது. இந்தத் தோட்டத்தில் முதன்முதலில் கல்லை நட்டுச் சூலம் ஊன்றியவர்கள் எந்த ஏட்டைப் புரட்டினார்கள்?

தீட்சை பெற்றவர் தவிர யாரும் மூலவரைத் தொடக் கூடாது என்கிறார்கள். எண்ணெய்க்காப்பு அன்று எல்லாரும் தொடலாம் என்பவர்களும் அவர்களே. கலாகர்ஷணம் என்ற சடங்கில் சிலையின் சக்தி கும்பத்துக்கு மாறிவிட்டது என்று காரணம் சொல்வார்கள். தொட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், வெறுங்கல்லைத் தொட்டேன் என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். பால்வெட்டிக் காய்ப்பேறிய கையோடு ஒரு பாட்டி, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, முழங்காலிலிருந்து தண்டைவரை ஒரே தடவலாகத் தடவினார். முன்னே சாத்தியவர்களின் எண்ணெயெல்லாம் சேர்ந்து அவர் விரலிடுக்கில் வழிந்தது. பின்னால் நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்த வரிசை அப்படியே நின்றுவிட்டது.

எண்ணெய்க்காப்புக்குப் போக முடியாதவர்கள், கும்பாபிஷேகத்துக்குப் பின் வரும் 48 நாள் மண்டலாபிஷேகத்தில் ஒரு நாளாவது போய் வாருங்கள். தொட முடியாது, கண்ணாரப் பார்க்கலாம். தாயே, இந்த வேண்டுதலை நிறைவேற்ற வைத்தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.