கவிழ்த்து வைத்த மீன் சட்டி

இன்று காலை தங்கச்சிமடத்து வீட்டின் அடுப்பங்கரைக்குள் நுழைந்தபோது, அப்பத்தாவின் மீன் சட்டி கழுவப்பட்டுச் சுவரோரமாகக் கவிழ்ந்திருந்தது.

அடுப்பில் பருப்பும் முருங்கைக்கீரையும் வெந்துகொண்டிருந்தன.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கர்கள் இறைச்சியை விலக்கிச் சுத்தபோசனம் காக்க வேண்டிய நாள் இது என்பதும், அந்த விலக்கில் மீன் அடங்காது என்பதும் அவருக்கு நன்றாகவே தெரியும். சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரிய, ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் ஒருசந்திக் கடமைகூட 18 வயது நிறைந்தவர்களை 60ஆம் வயது தொடங்கும் வரைதான் கட்டுப்படுத்துகிறது. எழுபதைக் கடந்த அப்பத்தாவோ அவ்விரு நாட்களிலும் ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொள்வார்.

"மீன் சாப்பிடலாமே அப்பத்தா" என்றேன்.

"ஆட்டுக்கறியைக் கண்டு எத்தனை மாசமாச்சுய்யா? நம்ம வீட்டுல விலக்குறதுன்னா அது மீன்தான்."

சட்டம் கேட்பதற்கும் மனம் கொடுப்பதற்கும் இடையில் இருக்கும் தூரத்தை, மறைக்கல்வி வகுப்பில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்த எனக்கு, ஒரு காலிச் சட்டி இவ்வளவு எளிதாகக் காட்டிவிட்டது சற்று வெட்கமாகத்தான் இருந்தது. கடல் சூழ்ந்த தீவில் இருக்கும் ஊரில், வாசலுக்கே வந்து கூவும் மீன்காரியை வெறுங்கையோடு அனுப்புவது சிறிய காரியம் அன்று.

மீன்காரியை அனுப்பிய கையோடு, மீனுக்கான காசை அப்பத்தா தவக்கால உண்டியலில் போட்டுவிட்டார். விலக்கியது இன்னொருவரின் பசிக்குப் போய்ச் சேராவிட்டால் அது வெறும் மிச்சம்பிடித்தல் என்பது அவருடைய கணக்கு.

மாலையில், இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நினைந்து செபிக்கும் சிலுவைப் பாதை. வலிக்கும் முழங்காலோடு 14 நிலைகளிலும் மண்டியிடுவார், தடுத்தாலும் கேட்கமாட்டார்.

ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் சட்டி நிமிரும். நகரை மீன் வேண்டுமென்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.