பீச் டூ தாம்பரம் லிஸ்ட்ல வேண்டாத ஸ்டேஷனைத் தூக்குறது

சென்னை லோக்கல் ட்ரெயின்ல பீச்லேர்ந்து தாம்பரம் வரைக்கும் 18 ஸ்டேஷன், அதுல நான் ஏறி எறங்குறதை மட்டும் காட்டுற மாதிரி ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு குட்டி பேஜ் பண்ணிட்டிருக்கேன். பேரெல்லாம் அரேல (வரிசையா அடுக்கி வெக்கிற லிஸ்ட்) போட்டாச்சு, இப்ப வேண்டாததைத் தூக்கணும்.

டெலீட் போட்டா மீனம்பாக்கம் போயிடுது, ஆனா லெங்த், அதாவது லிஸ்ட்டோட நீளம், அதே 18, அந்த எடத்துல ஓட்டை விழுந்து கெடக்கு. வேலைக்கு ஆகாது.

ஸ்ப்ளைஸ் பரவால்ல, எடுத்துட்டு பின்னாடி இருக்கறதை முன்னாடி தள்ளிடும். ஆனா ஃபார்ஈச் (ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குற லூப்) உள்ளயே ஸ்ப்ளைஸ் பண்ணா என்ன ஆகுதுன்னு வேணும்னே மீனம்பாக்கம், திரிசூலம் ரெண்டையும் எடுக்கச் சொல்லிப் பாத்தேன், மீனம்பாக்கம் போச்சு, திரிசூலம் ஜம்முனு ஒக்காந்திருக்கு. ஏன்னா (அரேல எண்ணுறது 0-லேர்ந்து) 12-ல இருந்த மீனம்பாக்கம் போனதும் 13-ல இருந்த திரிசூலம் 12-க்கு வந்துடுது, லூப் என்னடான்னா அடுத்து 13-ஐப் பாக்கப் போயிடுது, அங்க இப்ப பல்லாவரம். கடைசிலேர்ந்து ரிவர்ஸ்ல லூப் ஓட்டினா ரெண்டும் ஒழுங்கா போகுது, படிக்கத்தான் கடுப்பா இருக்கு.

இதைவிட டேஞ்சர் இன்டெக்ஸ்ஆஃப், பேரைக் குடுத்தா எந்த எடத்துல இருக்குன்னு நம்பர் சொல்றது. கிண்டிக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் வெச்சுத் தேடினேன், கெடைக்கலன்னு -1 வந்துச்சு, அதை அப்படியே ஸ்ப்ளைஸ்ல குடுத்தா -1-ன்னா கடைசிலேர்ந்து ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டு தாம்பரத்தையே தூக்கிடுச்சு, எரர் எதுவும் கெடையாது, வண்டி சானடோரியத்தோட நின்னுடுச்சு!

அதனால ஃபில்டர்தான். 2009-ல ஜாவாஸ்கிரிப்டோட ES5 வெர்ஷன்லயே வந்தது, எது வேணுமோ அதுக்கு ட்ரூ சொன்னா போதும், புது அரே குடுக்கும், பழசுல கை வெக்காது. ஒண்ணு, ஏரோ ஃபங்ஷன்ல (=> போட்டு சுருக்கமா எழுதுற ஃபங்ஷன்) கர்லி ப்ராக்கெட் போட்டா ரிட்டர்ன் எழுதணும், இல்லன்னா எதுக்கும் ட்ரூ வராது, மொத்த லிஸ்ட்டும் காலி. இன்னொண்ணு, ஃபில்டர் குடுக்குறதை ஒரு வேரியபிள்ல வாங்கிக்கணும், சும்மா கூப்பிட்டு விட்டா பழைய லிஸ்ட் அப்படியேதான் இருக்கும். வேண்டாத பேரையெல்லாம் தனி அரேல வெச்சு அதுல இந்தப் பேர் இருக்கான்னு இன்க்ளூட்ஸ்ல கேக்குறேன், 18 ஸ்டேஷனுக்கு அது போதும்.

இப்ப வேளச்சேரி லைனையும் சேத்தாச்சு. பீச், கோட்டை ரெண்டும் டபுளா வந்துச்சு, செட்ல (ஒரே பேரை ரெண்டு தடவை வெச்சுக்காது) போட்டு திரும்ப அரேயா எடுத்ததும் ஒவ்வொண்ணுதான் இருக்கு, வரிசையும் கலையல. அடுத்து டிராப்டவுன்.