சூளையில் சுட்டது என்று எழுதியிருந்தது

நாற்பத்து நான்கு வயதில்தான் நான் புத்தகம் படிக்க ஆரம்பித்தேன். அதற்கு முன் படித்ததெல்லாம் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையின் கணக்கு நோட்டும் வார ராசிபலனும்தான். ஒருநாள் கல் வாங்க வந்த பெங்களூர்ப் பெண், “இதைச் சுடுவதே இல்லையாமே, பிறகு எப்படி இவ்வளவு இறுகுகிறது?” என்று கேட்டாள். “வெயிலில் காய்ந்துவிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகுதான் உறைத்தது. தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறுகிற கல் வெயிலில் எப்படிக் காயும்? பதினெட்டு வருடமாக அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கணக்கு எழுதுகிறேன்.

பொது அறிவை வளர்த்தே தீருவது என்று, காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் ஒரு தடித்த வினாவிடைப் புத்தகம் வாங்கினேன். நீளமான ஆறு, சின்ன நாடு, முதல் பெண்மணி. ஒரு வாரத்தில் முந்நூறு விடைகள் மனப்பாடம் ஆயின. மறுவாரம் முப்பதுகூடத் தேறவில்லை. வேலைக்குத் தேர்வு எழுதுகிறவர்களுக்கான சரக்கு அது. அடுத்து, தலையணை கனத்தில் ஓர் உலக வரலாறு, மொழிபெயர்ப்பு. வாக்கியம் அரைப் பக்கம் ஓடும், எழுவாய் எங்கே என்று தேட வேண்டும். நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்துவிட்டு, நமக்கு மூளை அவ்வளவுதான் என்று இரண்டு மாதம் சும்மா இருந்தேன். குற்றம் மொழிபெயர்த்தவருடையது என்று பிற்பாடுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பு என்றால் நடுவில் ஒரு பக்கத்தை நின்றபடியே படித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

திருப்பம் நூலகத்தில் வந்தது. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி வழவழப்பான தாளில் ஒரு புத்தகம். புரட்டினால் எங்கள் கல்! ‘சூளையில் சுட்டு எடுக்கப்படுவது’ என்று எழுதியிருந்தது. சிரித்துவிட்டேன். எங்கள் பட்டறையில் சூளையே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு அழுத்துவார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. எழுதியவர் எந்தப் பட்டறையிலும் கால் வைத்ததில்லை. அப்படியானால் மற்ற அத்தியாயங்களை மட்டும் எப்படி நம்புவது? அலமாரியிலேயே வைத்துவிட்டேன். ஒன்றுமே தெரியாதவள் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த முதல் நாள் அது.

பிறகு கட்டுமானப் பொருள்களைப் பற்றிய ஒல்லியான புத்தகம் ஒன்று கிடைத்தது. சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டது. தண்ணீர்தான் அதற்குச் சாப்பாடு. 1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் காப்புரிமை வாங்கி, போர்ட்லாந்துத் தீவுக் கல்லைப் போல இருப்பதால் போர்ட்லாந்து சிமெண்டு என்று பெயர் வைத்தாராம். மூட்டையில் தினமும் பார்க்கிற பெயர்.

(அறிவியல் புத்தகம் என்றால் அச்சான ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எடுத்த ஒன்றில் கோள்கள் ஒன்பது. புளூட்டோவை 2006லேயே குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள்.)

கல்லுக்கு அடுத்தது தூண். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டுக்குத் தளம் மாற்ற அளவெடுக்கப் போயிருந்தேன். கட்டிப்பிடிக்க முடியாத பர்மாத் தேக்கைத் தட்டிக்காட்டி, “எங்கள் ஐயா சம்பாதித்தது. அங்கே வயலும் இருந்தது, எல்லாம் போய்விட்டது” என்றார். அதற்காகப் பர்மாவைத் தேடிப்போனேன். முதல் புத்தகம் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களின் பெருமையைப் பேசியது. கப்பல், கொடை, கோயில். கண் கலங்கப் படித்தேன். இரண்டாவது பொருளாதார வரலாறு. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். உலகச் சந்தையில் அரிசி விலை விழுந்தது, செட்டியார்களிடம் கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த வயல் கைமாறியது. ‘எல்லாம் போய்விட்டது’ என்று அங்கேயும் யாரோ ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருப்பாள். முதல் புத்தகத்தோடு நிறுத்தியிருந்தால் அவள் என் கண்ணில் பட்டிருக்கவே மாட்டாள்.

சர்ச்சையுள்ள விஷயமானால் இப்போது இரண்டாகத்தான் எடுக்கிறேன். நூலகர் ஒரு மாதிரி பார்க்கிறார். பார்க்கட்டும்.

போன வாரம் கல் இறக்கப் போனபோது, பர்மாவைப் பற்றிப் படிப்பதாக ஆச்சியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லையம்மா. கொண்டுவந்து படித்துக் காட்டு” என்றார். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு புத்தகமும் பையில் இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.