சொட்டுச் சொட்டாகப் போனால் சலப்பை காலி என்று அர்த்தமில்லை

ஆரையம்பதியில் எங்கள் வீட்டு நாய் சின்னியை மோட்டார் சைக்கிள் அடித்ததில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, பின்னங்கால்கள் செயலிழந்துவிட்டன. காலைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. படுத்த இடம் எப்போதும் ஈரமாக இருந்ததால், "சலம் போகுதுதானே, மறுகா என்ன?" என்றார் மாமி.

பலகையில் கிடத்தி, ஆட்டோவில் கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்குக் கொண்டுபோனோம். மிருக வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றார். நிரம்பிய தாங்கி வழிவதுபோல, சலப்பை, அதாவது சிறுநீர்ப்பை, நிறைந்து மிஞ்சியதுதான் சொட்டுகிறதாம். முன்பு எடுத்த எக்ஸ்ரேயில் சலப்பை பெரிய நிழலாகத் தெரிந்தது. ஆனால் எத்தனை மில்லி, கையால் அமுக்கிச் சலத்தை வெளியேற்றிய பிறகு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஸ்கேன்தான் வசதி.

அடிவயிற்று மயிரை வழித்து, ஜெல் பூசி, கருவியை வைத்தார். சலம் கன்னங்கரேலென்று தெரிகிறது. நீளவாக்கில் பார்த்து நீளமும் உயரமும், கருவியைக் குறுக்கே திருப்பி அகலமும் அளந்தார். அழுத்திப் பிடித்தால் சலப்பை தட்டையாகி அளவு பிழைக்குமாம், அதனால் மெல்லத்தான் வைத்தார். 9, 7, 6 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி, 0.52 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 197 மில்லி. முட்டை வடிவம் என்று வைத்துப் போடும் கணக்கு. சலப்பை எப்போதும் அப்படி இருக்காது, ஆகவே மதிப்பீடுதான்.

அப்புறம் வயிற்றை இருபக்கமும் கையால் அணைத்து அமுக்கி வெளியேற்றிவிட்டு மறுபடி அளந்தார்: ஏறத்தாழ 25 மில்லி. சின்னி 14 கிலோ. சுகமான நாய்க்குச் சலம் போனபின் மிஞ்சுவது கிலோவுக்கு ஒரு மில்லிக்கும் குறைவு, அதாவது சின்னிக்கு 14 மில்லிக்குள். மிச்சம் தேங்கினால் கிருமித்தொற்று வரும் என்று, 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அமுக்கச் சொல்லிக் கொடுத்தார். நாய்க்குச் சாதாரணமாக மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி சலம் ஊறும். சின்னிக்கு 8 மணித்தியாலத்தில் 112 முதல் 224 மில்லி. எவ்வளவு போகிறது என்று அறிய, வீட்டில் துணியை நனையுமுன்னும் பின்னும் தராசில் வைத்தோம். ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. அமுக்குவதை மட்டும் வைத்தியர் கையைப் பார்த்துப் பழகாமல் செய்யாதீர்கள். வழி அடைத்திருந்தால் சலப்பை வெடித்துவிடும்.

கடைசி ஸ்கேனில், அவளே சலம் போனபின், மிச்சம் 8 மில்லி. அமுக்குவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். கால் இன்னும் இழுபடுகிறது, அதற்குப் பயிற்சி நடக்கிறது.